குலசாமி பேரில் வைஃபை

எனக்கு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. எண் தெரியும், கலர் தெரியும், ஆள் முகத்தைப் பார்த்தால் என்ன மனசில் வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். இவ்வளவை வைத்துக்கொண்டே மகள் வழியில் ரெண்டு பேத்திகளைப் பார்த்துவிட்டேன். இதையெல்லாம் நான் போனைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, அது தானாக எழுதிக்கொண்டது. அப்புறம் மருமகள் உட்கார்ந்து அச்சில் வருகிற தமிழாக மாற்றிக் கொடுத்தாள். நாங்கள் பேசிக்கொண்டதில் மட்டும் கை வைக்காதே என்று சொல்லிவிட்டேன். அதைத் திருத்தினால் அது எங்கள் வீடு மாதிரியே இருக்காது.

வைஃபை மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம். போனில் மைக் படம் போட்ட இடத்தை அமுக்கி, "நெத்திலி கருவாட்டுக் கொயம்பு" என்று சொன்னால் போதும், எந்தெந்த ஊர்ப் பெண்களோ வரிசையாக வந்து நிற்பார்கள். ஒருத்தி தக்காளியை அள்ளி அள்ளிப் போடுவாள். நான் இங்கிருந்தே திட்டுவேன். அவளுக்குக் கேட்காது என்று தெரியும், ஆனாலும் திட்டாமல் இருக்க முடியுமா, கருவாட்டை அப்படிக் கெடுத்தால்? சரி, கருவாட்டைப் பற்றி ஆரம்பித்தால் நான் நிறுத்தமாட்டேன். வைஃபைக்கு வருகிறேன்.

எங்கள் வீடு பாரிவாக்கத்தில். மகன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பாக்டரியில் ஷிப்டு பார்க்கிறான். மருமகள் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டரில் கணக்குச் சரிபார்க்கிற வேலை. கம்பெனி ஊரின் அந்தக் கோடியில், கடல் பக்கம். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து இப்போதுதான் அவளுக்குப் பிள்ளை தங்கியிருக்கிறது. டாக்டரம்மா முதல் நாளே கண்டித்துச் சொல்லிவிட்டார்கள்: வண்டியில் குலுங்கிக்கொண்டு போகக் கூடாது. பூந்தமல்லி ரோட்டில் மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருக்கிற லட்சணத்தில், வேலப்பன்சாவடி தாண்டுவதற்குள் சும்மா இருக்கிறவர்களுக்கே இடுப்பு கழன்றுவிடும். அதனால் கம்பெனி அவளை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லியிருந்தது.

ஆனால் மீட்டிங்கில் பேசிக்கொண்டே இருப்பாள், திடீரென்று அவள் முகம் அந்தப் பக்கம் உறைந்து நின்றுவிடுமாம், வாயைத் திறந்தபடியே. அடிக்கடி இப்படி ஆனதும் ஒரு வெள்ளிக்கிழமை கம்பெனியிலிருந்து சொல்லிவிட்டார்கள். லைன் நிற்காமல் வரவேண்டும், வீட்டு வைஃபையும் பத்திரமாகப் பூட்டியிருக்கவேண்டும், கம்பெனிக் கணக்கெல்லாம் அது வழியாகப் போகிறது. திங்கட்கிழமை காலையில் ஒருவர் வீடியோவில் வந்து சோதிப்பார். சரியில்லை என்றால் செவ்வாய்க்கிழமையிலிருந்து தினமும் ஆபீசுக்கு வந்துவிடவேண்டும்.

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. வேலையை விடவும் மனசில்லை, அந்த ரோட்டில் போகவும் தைரியமில்லை. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

வைஃபை பெட்டிக்கு என்ன கேடு என்று கண்டுபிடிக்க ஒரு சின்ன சோதனை செய்தோம். வீட்டில் இருந்த போன், டிவி, மருமகளுடைய லேப்டாப் எல்லாவற்றையும் மகன் அணைத்தான். நான் ஹாலில் நின்று பீரோ மேலிருந்த வைஃபை பெட்டியைப் பார்த்தேன். எழுத்து தெரியாவிட்டால் என்ன, அந்தப் பெட்டி விளக்கால் பேசுகிறது. சிவப்பு என்றால் லைன் இல்லை, பச்சை நின்று எரிந்தால் லைன் இருக்கிறது, பச்சை படபடவென்று துடித்தால் யாரோ உபயோகிக்கிறார்கள். வீட்டில் எல்லாம் அணைந்து கிடக்கிறது, பெட்டியில் விளக்கு சாமி வந்த மாதிரி ஆடுகிறது.

"டேய், யாரோ உள்ள கீறாங்கடா" என்றேன். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. திருடனைக் கையும் களவுமாகப் பிடிக்கப்போகிற சந்தோஷம்.

இங்கே பாஸ்வேர்டு கதையைச் சொல்லவேண்டும். எங்கள் தெருவில் இருப்பதெல்லாம் பங்காளி வீடுகள். எல்லாருக்கும் ஒரே குலசாமி, ஒரு அம்மன். புது ஆட்டோ வாங்கினால் முன் கண்ணாடியில் அவள் பேர். போர் போட்டால் மோட்டார் ரூம் கதவில் அவள் பேர். தண்ணி கேன் கடை, டிபன் கடை, தையல் கடை, போன மாசம் திறந்த பியூட்டி பார்லர், எல்லாம் அவள்தான். கொரியர்க்காரர் கடைப் பேரைச் சொல்லி வழி கேட்டால் எங்களுக்கே சிரிப்பு வந்துவிடும், எந்தப் பக்கம் கையைக் காட்டினாலும் சரியாகத்தான் இருக்கும். அவள் பேரை வைக்காமல் எங்கள் ஆட்கள் எதையும் ஆரம்பிக்கமாட்டார்கள். வைஃபை மாட்ட வந்தவர் பாஸ்வேர்டு என்ன வைக்கட்டும் என்று கேட்டபோது என் மகன் யோசிக்கவே இல்லை. குலசாமி பேர், வாலில் ஒன்று இரண்டு மூன்று. எனக்கு அன்று பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பேரை இங்கே சொல்லப்போவதில்லை. தெருவில் பாதி வீட்டுக்கு இன்னும் அதுதான் பாஸ்வேர்டு.

சனிக்கிழமை மகன் அதை மாற்றினான். மாற்றிவிட்டு என்னிடம் வந்து, "எம்மா, அம்மன் பேர முழுசா போட்டுக்கீறேன். முன்னாடி ஊர் பேரு, பின்னாடி நம்ம ஊட்டு நம்பரு. இனிமே எவனும் ஏற முடியாது" என்றான். மருமகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் அவன் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டான். பெட்டியும் கொஞ்ச நேரம் சாதுவாக இருந்தது. சாயங்காலம் நான் விளக்கேற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், பச்சை மறுபடி ஆட்டம் போடுகிறது.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். எதிர் வீடு என் கொழுந்தனார் வீடு, என் வீட்டுக்காரருக்கு நேர் தம்பி. ரிட்டையர் ஆனதிலிருந்து அவருக்கு மாட்டு வண்டிப் பந்தய வீடியோதான் உலகம். பெரிய டிவியில், ஊர் ஊராகப் போட்டுப் பார்ப்பார். நான் போனபோதும் சோபாவில் சாய்ந்துகொண்டு மாடுகளை விரட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணி. மத்தியானம் கொஞ்ச நேரம் நெட்டு புட்டுகிச்சு, இப்ப சோக்கா ஓடுது" என்றார்.

"யார் ஊட்டு நெட்டுபா அது?"

"யாருதுன்னா? வழக்கமா வர்றதுதான். அம்மா பேரப் போட்டேன், தொறக்கல. இன்னாடா இதுன்னு ஊர் பேர சேத்துப் பாத்தேன். அப்பறம் உங்க ஊட்டு நம்பரு. தொறந்துகிச்சு."

"அது எங்க ஊட்டுப் பூட்டுபா."

அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "பூட்டு உங்களுது அண்ணி, இல்லங்கல. சாவி குலசாமியோடதாச்சே. அது நம்ம எல்லாத்துக்கும் பொதுதானே?"

எனக்குக் கோபம் வரவேண்டும். சிரிப்புதான் வந்தது. அவர் பேசியதில் ஒரு நியாயம் வேறு இருந்தது, அதுதான் கொடுமை. மனுஷன் திருடினதாகவே நினைக்கவில்லை. அவர் மட்டுமில்லை, அந்தப் பக்கத்து வீடு, அதற்கடுத்த வீடு என்று எல்லாரும் ஏறியிருக்கிறார்கள் என்று அவரே பெருமையாகச் சொன்னார். நாங்கள் எப்படி வைப்போம் என்று அவர்களுக்குத் தெரியாதா? அவர்களும் அப்படித்தானே வைப்பார்கள்.

வீட்டுக்கு வந்து மருமகளிடம் சொன்னேன். அவள் முதலில் தலையில் கையை வைத்துக்கொண்டாள், அப்புறம் அவளுக்கும் சிரிப்பு. ரெண்டு நாளில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை மகனுக்கு ஓவர்டைம். சாயங்காலம் வந்து பார்க்கிறேன் என்றான். நாங்கள் காத்திருக்கவில்லை. மருமகள் போனில் தேடித் தேடிப் படித்துவிட்டு எனக்கு விளக்கினாள். பெட்டிக்கு ரெண்டு சாவி. ஒன்று, வைஃபையில் ஏறுகிற சாவி. அதைத்தான் தெருவே வைத்திருக்கிறது. இன்னொன்று, பெட்டிக்குள்ளேயே போய் அதை மாற்றி அமைக்கிற சாவி. அதைச் சனிக்கிழமை அவசரத்தில் என் மகன் எதையோ வைத்துவிட்டு, என்ன வைத்தான் என்று அவனுக்கே ஞாபகமில்லை. அதனால் பெட்டியைப் பிறந்தபோது இருந்த மாதிரி ஆக்கவேண்டுமாம். அதற்குப் பின்பக்கம் ஒரு பொடி ஓட்டை இருக்கும், அதில் ஊசியை விட்டு அமுக்கவேண்டும்.

பெட்டி பீரோ மேலே. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "அத்தே, நான் ஏறுதேன், நீங்க பிடிச்சுக்கிடுங்க."

"வயித்துல புள்ளைய வெச்சிகினு ஸ்டூல் மேல ஏறுவியா? கீய நில்லு. இன்னா பண்ணணும்னு வாயால சொல்லு, போதும்."

ஏறிவிட்டேன். முட்டி கடகட என்றது, அது எப்போதும் உள்ளதுதான். அவள் கீழே நின்று என் கணுக்காலை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பெட்டியைத் திருப்பினால் ஓட்டையைக் காணோம். பின்பக்கம் முழுக்கச் சந்தனம். ஆயுத பூஜைக்கு என் மகன் பைக், மோட்டார், மிக்சி எதையும் விடமாட்டான், பாக்டரி ஆள் இல்லையா. வைஃபைக்கும் தாராளமாக அப்பி, மேலே குங்குமம் வைத்திருக்கிறான். அது காய்ந்து, சிமெண்டு பூசின மாதிரி ஓட்டையை அடைத்திருந்தது. வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி மெதுவாகச் சுரண்டினேன். பொடிப்பொடியாக உதிர்ந்தது. உள்ளே ஊக்கை விட்டதும் நுனியில் ஏதோ இடித்தது, அமுக்கினேன், அமுங்கியது.

"அமுக்கிட்டே இருங்க அத்தே, விட்டுராதீங்க, நான் சொல்லுத வரைக்கும்."

பெட்டியில் இருந்த எல்லா விளக்கும் ஒரே சமயத்தில் அணைந்தது. கொன்றுவிட்டேனோ என்று நினைத்தேன். பிறகு ஒன்று எரிந்தது, அப்புறம் இன்னொன்று, அப்புறம் சிவப்பு. நான் ஸ்டூல் மேல் நின்றபடியே விளக்கின் கலரைக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தேன், அவள் நெட் கம்பெனிக்குப் போன் போட்டு அவர்கள் கேட்டதையெல்லாம் சொல்லி, லேப்டாப்பில் தட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் பச்சை வந்தது பாருங்கள், என் கல்யாணத்துக்குக்கூட நான் அவ்வளவு சந்தோஷப்படவில்லை. கையோடு பெட்டியையும் பீரோ மேலிருந்து இறக்கி ஹால் அலமாரியில் வைத்தோம். இரும்புப் பீரோ பக்கத்தில் இருந்தால் சிக்னல் சரியாகப் போகாதாம்.

வைஃபைப் பூட்டிலேயே பழைய வகை, புது வகை உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது. அதன் பேர் என் வாயில் நுழையவில்லை, கூட வருகிற எண் மட்டும் புரிந்தது. ஒன்று கூடாது, ரெண்டு பரவாயில்லை, மூன்று ரொம்ப நல்லது. எங்கள் பெட்டி ரெண்டு வரைக்கும்தான் போகும். கம்பெனிக்கு அது போதும்.

அடுத்து பாஸ்வேர்டு. நீளமாக இருக்கவேண்டும், பேர் கூடாது, ஊர் கூடாது, பிறந்த நாள் கூடாது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சில வார்த்தைகளைச் சேர்த்துப் போடலாம்.

"அத்தே, இந்தத் தெருவுல யாரும் பேசாத வார்த்தையாச் சொல்லுங்க" என்றாள்.

"நம்ம தெருவுல யாரும் பேசாத வார்த்தை எங்க கீது கண்ணு, அவ்ளோ வாயி இவங்களுக்கு."

அப்புறம்தான் எனக்குத் தோன்றியது. இவள் கல்யாணமாகி வந்த புதிதில் அவள் ஊர்ப் பேச்சைக் கேட்டுத் தெருவே கிண்டல் செய்யும். குழம்புக்கு ஒரு பேர் சொல்லுவாள், பாத்திரத்துக்கு ஒரு பேர் சொல்லுவாள், எங்களுக்கு ஒன்றும் விளங்காது. என் கொழுந்தனாருக்கு அதைத் திருப்பிச் சொல்லக்கூட வராது. "உங்கம்மா ஊட்டு வார்த்தையப் போடு கண்ணு" என்றேன். அவள் முகம் மலர்ந்தது பாருங்கள். அவள் அம்மா சமையலறையிலிருந்து சில வார்த்தைகளை எடுத்தாள், நடுநடுவே எண் நான் சொன்னேன். எல்லாவற்றையும் கோத்து, பெட்டிக்குள் போகிற சாவிக்கு வேறொன்றும் வைத்தாள். இதை நான் இங்கே சொல்லிவிட்டேன் என்பதால், அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் எல்லாவற்றையும் மாற்றிவிட்டாள். யாரும் சிரமப்பட வேண்டாம்.

பச்சை விளக்கு நின்று எரிந்தது. ஆட்டமே இல்லை. எதிர் வீட்டில் மாடுகள் நின்றுபோயிருக்கும் என்று நினைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டேன். நாளைக்கு இவளுக்கு வலி எடுத்தால், மகன் ஷிப்டில் இருந்தால், காரை எடுத்துக்கொண்டு முதலில் ஓடிவரப்போகிறவர் யார்? அந்த மாட்டுவண்டி மனுஷன்தான். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கப்போவது யார்? இந்தப் பங்காளிகள்தான். அவர்களைக் கதவைச் சாத்தி வெளியே நிறுத்தவும் முடியாது, உள்ளே விட்டால் இவள் வேலை போய்விடும்.

மருமகளிடம் சொன்னேன். அவள் பெட்டிக்குள்ளே எதையெதையோ திறந்து பார்த்தாள். விருந்தாளிக்கென்று தனியாக ஒரு லைன் விட முடியுமாம். அதில் வருகிறவர்கள் நெட் பார்க்கலாம், எங்கள் லேப்டாப் இருக்கிற பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. இவ்வளவு வேகம்தான் என்று அளவும் வைக்கலாம். ஒரே பெட்டிக்குள் ரெண்டு வீடு. நான் கையைத் தட்டிவிட்டேன்.

விருந்தாளி லைனுக்குப் பழைய வைஃபை பேரையே வைத்தோம். பாஸ்வேர்டும் சனிக்கிழமை மகன் வைத்த அதேதான், ஊர் பேர், குலசாமி, வீட்டு நம்பர். அவர்கள் வீட்டு டிவியில் எதையும் மாற்றத் தேவையில்லை பாருங்கள். எங்கள் லைனுக்கு மட்டும் புதுப் பேர். சாயங்காலம் கொழுந்தனார் வாசலில் வந்து நின்றார். நெட்டு நடுவில் போச்சு, இப்போது வந்துவிட்டது, ஆனால் மாடு கொஞ்சம் தயங்கித் தயங்கி ஓடுகிறது என்றார். மாட்டுக்கு வயசாகியிருக்கும் என்று சொல்லி அனுப்பினேன்.

திங்கட்கிழமை காலை மருமகள் தலை வாரி, பொட்டு வைத்து, மேஜை முன்னால் உட்கார்ந்தாள். நான் சமையலறை வாசலில். கம்பெனிக்காரர் திரையில் வந்தார், கண்ணாடி போட்ட சின்ன வயசுக்காரர். ஏதோ கேட்டார், இவள் பதில் சொல்ல ஆரம்பித்தாள். அவர் முகம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது.

"போச்சு அத்தே" என்றாள்.

எதிர் வீட்டு ஜன்னலில் பார்த்தால் டிவி வெளிச்சம். எழுந்து போய் அதைப் பிடுங்கிப் போட்டுவிடலாமா என்று படி வரைக்கும் இறங்கிவிட்டேன். "அத்தே, நில்லுங்க" என்றாள் உள்ளேயிருந்து. லேப்டாப் மூலையைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "இது பழைய லைன்ல போயி ஒட்டிக்கிட்டு."

விஷயம் இதுதான். அந்த லேப்டாப்புக்குப் பழைய பேர் வருஷக்கணக்கில் பழக்கம். முந்தின நாள் ராத்திரி புது லைனில்தான் சேர்த்திருந்தாள். காலையில் மூடியைத் திறந்ததும் அது தெரிந்த பேரைத் தேடிக்கொண்டு போய், பங்காளிகளோடு பங்காளியாக விருந்தாளி லைனில் உட்கார்ந்துவிட்டது. தப்பு எங்கள் பேரில். விருந்தாளி லைனுக்கும் வேறு பேர் வைத்திருந்தால் அது குழம்பியிருக்காது.

அவள் அந்தப் பழைய பேரை மறந்துவிடு என்று லேப்டாப்புக்குச் சொன்னாள். அப்படிச் சொல்ல ஒரு இடமே இருக்கிறதாம். மனுஷருக்கும் ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும், அதைப் பற்றி நான் அன்று முழுக்க யோசித்தேன். அப்புறம் அதைப் புது லைனில் சேர்த்தாள். திரையில் அந்தப் பையன் முகம் முழுசாக வந்தது, மூக்குத் துவாரம் வரைக்கும் தெளிவாக. நடந்ததை அவள் ஒளிக்காமல் சொன்னாள். எங்கள் தெரு, பங்காளிகள், விருந்தாளி லைன் எல்லாம். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார், இவள் திரையைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். விருந்தாளி லைன் தனியாகப் பிரிந்திருக்கிறது என்பதை ரெண்டு தடவை பார்த்துக்கொண்டார். கடைசியில் அவர் சிரித்துக்கொண்டே தமிழில் பேசியது எனக்கும் கேட்டது.

"எங்க தெருவுலயும் இதே கதைதாங்க. பிரசவ லீவு வரைக்கும் நீங்க வீட்லருந்தே பாருங்க."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கண் நிரம்பியிருந்தது. நான் போய்த் தலையைத் தடவிவிட்டு, ஒரு முக்காலியை இழுத்து அவள் காலைத் தூக்கி அதன் மேல் வைத்தேன்.

அன்று மத்தியானம் அவளுக்குப் பெரிய மீட்டிங். நான் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை நாளில் அவள் பக்கத்தில் இருந்து நான் கற்றுக்கொண்ட ஒரே இங்கிலீஷ், "கேன் யூ ஹியர் மீ." ஒரு மீட்டிங்கில் பத்து தடவை சொல்லுவாள். அன்று பூண்டு முழுக்க உரித்து முடித்தேன். அவள் அதை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.